பீப்பாய்க்குள் கிடந்த சாவி

எடின்பரோவுக்குப் படிக்க வரப்போகும் தம்பி தங்கைகள் எனக்கு அனுப்பும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வாடகை எவ்வளவு? குளிர் தாங்க முடியுமா? பகுதிநேர வேலை கிடைக்குமா? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகை அதிகம், ஆகஸ்ட்டில் கலைவிழாக் கூட்டம் ஊரை நிறைத்திருக்கும்போது வீடு தேடுவது பெரும்பாடு, அதனால் முன்கூட்டியே தேடுங்கள். குளிரைச் சமாளித்துவிடலாம், இருட்டுதான் கஷ்டம். டிசம்பரில் மாலை 3.40க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வேலை கிடைக்கும், ஆனால் மாணவர் விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் செய்ய முடியாது.

யாருமே கேட்காத ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இந்த ஊரில் மாணவராக இருப்பது என்றால் பாதி நேரம் யாருடனாவது வாதாடிக்கொண்டிருப்பது. வகுப்பில், நூலகத்து காபிக் கடையில், மலையேறும்போது, இரவு பப்பில், விஸ்கி சுவைக்கும் மேசையில்கூட. வாதாடிக்கொண்டே நண்பர்களாக இருக்கவும் இங்கேதான் பழகினேன். இந்தப் படிப்பு எனக்குக் கொடுத்ததில் பெரியது அதுதான் என்று நினைப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

70 எடுத்தாலே உச்சம்

முதலில் மதிப்பெண். ப்ளஸ் டூவில் 95 சதவீதம் வாங்கினாலும் "மிச்சம் அஞ்சு எங்க போச்சு?" என்று கேட்கும் வீடுகளிலிருந்து வருகிறோம். இங்கே 70 எடுத்தாலே ஏ. 60 முதல் 69 வரை பி. 64 என்று வந்த கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு இடிந்துபோய் உட்கார்ந்திருந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கு நான் டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். 64 நல்ல மதிப்பெண். அதை முதலில் நம்புங்கள்.

எண்ணைவிட முக்கியம் அதன் கீழே இருக்கும் குறிப்பு. படித்ததையெல்லாம் தெளிவாகத் தொகுத்திருக்கிறீர்கள், ஆனால் இவர்களில் யாரோடு உடன்படுகிறீர்கள், யாரோடு இல்லை, ஏன்? நம்மவர்களின் முதல் கட்டுரையில் இந்தக் கேள்வி ஏறக்குறைய எப்போதும் இருக்கும். நமக்குத் திறமை இல்லாததால் வரும் கேள்வி இல்லை இது. பாடப்புத்தகத்தில் இருப்பதைப் பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று பன்னிரண்டு வருடம் பழக்கிவிட்டு, திடீரென்று 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்டால் கை நடுங்கத்தான் செய்யும்.

மதிப்பெண்ணை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமா என்றும் கேட்பார்கள். நடைமுறையில் தவறு நடந்திருந்தால் செய்யலாம். நீங்கள் நோய்வாய்ப்பட்டிருந்தது போன்ற ஒன்று தக்க காரணத்தால் தேர்வுக் குழுவுக்குத் தெரியாமல் போயிருந்தாலும் செய்யலாம். ஆனால் 'திருத்தியவரின் கல்விசார் தீர்ப்பு தவறு' என்று முறையிட பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் வழியில்லை. கேட்டதும் அநியாயமாகத் தோன்றும். ஆனால் அதே ஆசிரியரின் அறைக்குப் போய், "மூன்றாம் பக்கத்தில் நீங்கள் எழுதிய குறிப்பை நான் ஏற்கவில்லை" என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. மதிப்பெண் மாறாது. ஆனால் தன் துறையில் முப்பது வருடம் இருந்த ஒருவர் உங்கள் வாதத்தை எடுத்துவைத்து அரைமணி நேரம் எதிர்வாதம் செய்வார். அந்த அரைமணிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

ஒரு சின்னத் தடை நம் நாக்கிலேயே இருக்கிறது. இங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சார், மேடம் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிடவே கூசுகிறவர், அவர் சொன்னதை மறுப்பது எப்படி? இரண்டும் சேர்ந்தேதான் பழக்கமாகும். பயப்படாதீர்கள்.

கல்லின் முன்னால் நடந்த சண்டை

நான் படிப்பது அறிவியல் வரலாறு. அதனால் இந்த ஊரின் பழைய சண்டைகள்தான் என் பிழைப்பு. அதில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு கல்லைப் பற்றியது.

பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஆர்தர்ஸ் சீட் இருக்கிறது. 251 மீட்டர் உயரம், சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் அணைந்துபோன எரிமலை. அதன் பக்கத்தில் சுவர் போல எழுந்து நிற்கும் பாறைகளுக்கு சாலிஸ்பரி கிராக்ஸ் என்று பெயர். அங்கே ஓரிடத்தில், படிவுப்பாறையின் அடுக்குகளுக்குள் கரும்பாறை புகுந்து, ஓர் அடுக்கைப் பிய்த்துத் தூக்கி நிறுத்தியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தைக் கவனித்துப் படித்தவர் ஜேம்ஸ் ஹட்டன். பூமிக்கு அடியிலிருந்து உருகிய குழம்பாக மேலே வந்து புகுந்ததுதான் அந்தக் கரும்பாறை என்றார். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் சுரங்கக் கல்லூரியில் பாடம் நடத்திய வெர்னரின் சீடர்களோ, பாறையெல்லாம் ஆதிக் கடலிலிருந்து படிந்தவை என்றார்கள்.

ஹட்டனின் கொள்கை 1785இல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. 1788இல் அவர் தன் நண்பர்கள் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் இருவருடன் படகில் சிக்கார் பாயிண்ட்டுக்குப் போய், செங்குத்தாக நிற்கும் பாறை அடுக்குகளின் மேல் வேறொரு பாறை சாய்ந்து படிந்திருப்பதைக் காட்டினார். ஒன்று படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்து, அதன்மேல் இன்னொன்று படிய எவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டும்! பூமியின் வயதைப் பற்றிய கற்பனையே அன்றோடு மாறியது என்று நம் பாடநூல்கள் சொல்லும். ஆனால் சண்டை அன்றோடு முடியவில்லை. ஹட்டன் 1797இல் இறந்தார். 1804இல் அதே எடின்பரோவில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியரானவர் ராபர்ட் ஜேம்சன், வெர்னரிடமே படித்தவர். 1808இல் குருவின் பெயரிலேயே ஒரு சங்கமும் தொடங்கினார். அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் தாமஸ் சார்ல்ஸ் ஹோப், ஹட்டன் பக்கம் நின்று பாடம் நடத்தினார். இருவரிடமும் பாடம் கேட்டவர்களில் ஒருவர் சார்ல்ஸ் டார்வின். 1825இல் மருத்துவம் படிக்க வந்தபோது அவருக்கு 16 வயது. இதே சாலிஸ்பரி கிராக்ஸில் நின்றுகொண்டு ஜேம்சன், பாறைப் பிளவு மேலிருந்து படிந்த வண்டலால் நிரம்பியது என்று அடித்துச் சொன்னதையும், அடியிலிருந்து உருகி வந்தது என்பவர்களை ஏளனம் செய்ததையும் டார்வின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த வகுப்பு கேட்டபிறகு நிலவியலே வேண்டாம் என்று முடிவெடுத்தாராம். நல்லவேளை, அந்த முடிவில் அவர் நிற்கவில்லை.

எங்கள் துறைக்கு இந்தச் சண்டை ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். 1966இல் எடின்பரோவில் அறிவியலைச் சமூகக் கண்கொண்டு பார்க்கும் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அதில் இருந்த டேவிட் ப்ளூர் 1976இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு விதி வைத்தார்: உண்மையென்று நிலைத்துவிட்ட கருத்துக்கும் பொய்யென்று விழுந்துவிட்ட கருத்துக்கும் ஒரேவகையான காரணங்களைத் தேட வேண்டும். ஜெயித்தவன் உண்மையைக் கண்டான், தோற்றவன் முட்டாள் என்று எழுதக் கூடாது. உலகம் முழுக்க இதை எதிர்த்தார்கள், இன்றும் எதிர்க்கிறார்கள். எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் எதிர்ப்பார்கள்.

நான் இந்த விதியின் பக்கம். ஜேம்சனை ஏளனம் செய்வது சுலபம். ஆனால் அவர் காலத்தில் ஹட்டனுக்கு எதிராக வலுவான கேள்விகள் இருந்தன. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் வாயு வெளியேறிச் சுண்ணாம்பாகிவிடும் என்பது சூளை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். பூமிக்கடியில் அத்தனை வெப்பம் இருந்தால் சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் எப்படி மிஞ்சின? இதில் எனக்கு வியப்பான செய்தி என்னவென்றால், அந்த வாயுவை 1750களில் ஆராய்ந்து நிறுவியவர் ஜோசஃப் பிளாக், ஹட்டனின் உயிர் நண்பர். நண்பரின் கொள்கைக்கு வந்த கடினமான கேள்வி இவருடைய கண்டுபிடிப்பிலிருந்தே பிறந்தது. நட்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே அழுத்தும் பாறைகளின் பாரம் வாயுவை வெளியே விடாது என்பது ஹட்டனின் பதில். ஆனால் அதைச் சோதித்துப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பூமியின் வேலையைச் சின்ன உலையில் செய்துகாட்ட முடியாது என்று நினைத்தார். ஜேம்ஸ் ஹால் அவர்மேல் இருந்த மரியாதையால் காத்திருந்து, ஹட்டன் இறந்தபிறகு சோதனைகளை வெளியிட்டார். துப்பாக்கிக் குழாய்களுக்குள் சுண்ணாம்புக்கல் பொடியை அடைத்து மூடிச் சூடாக்கினார். அழுத்தத்தில் அது சுண்ணாம்பாகச் சிதையவில்லை, கல்லாக இறுகியது.

தன் கண்டுபிடிப்பாலேயே கடினமான கேள்வியை எழுப்பிவிட்ட நண்பர், மரியாதையோடு காத்திருந்த நண்பர், எதிர்முகாமில் நின்று கேள்வி கேட்ட பேராசிரியர். அறிவு வளர இத்தனை பேரும் வேண்டியிருந்தார்கள்.

மேசைக்கு வந்த வாதம்

ஹட்டனும் பிளாக்கும் ஆடம் ஸ்மித்தும் சேர்ந்து எடின்பரோவில் வாராவாரம் கூடிச் சாப்பிட்டுப் பேசுவதற்கு ஒரு கழகம் வைத்திருந்தார்கள். ஆய்ஸ்டர் கிளப் என்று பெயர். குடிக்காதவர்களுக்கு இந்த ஊர் சரிப்படுமா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஹட்டன் மது தொடாதவர், பிளாக் சைவம், ஸ்மித்துக்குப் பிரியம் சர்க்கரைக் கட்டிகள் மேல் என்று ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். இந்த மூவரும்தான் ஐரோப்பாவிலேயே பேர்பெற்ற ஓர் உரையாடல் மேசையை நடத்தியவர்கள்.

அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. செமினார் ஐந்து மணிக்கு முடியும். உடனே யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பேச வந்தவரும் கேட்க வந்தவர்களும் ஒன்றாகப் பக்கத்துப் பப்புக்கு நடப்பார்கள். எங்கள் கூட்டத்தில் மூன்றில் ஒருவர் குடிக்காதவர். இர்ன் ப்ரூ என்று ஆரஞ்சு நிறத்தில் இங்கே எல்லோரும் குடிக்கும் சோடா ஒன்று உண்டு. அதை வாங்கிக்கொண்டு உட்காருவார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. செமினாரில் முகம் சிவக்கச் சிவக்க எதிர்த்தவர், இங்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொன்னதில் இரண்டாவது பாயிண்ட்டை யோசிச்சுப் பார்த்தேன்" என்று தொடங்குவார். ஊரில் நான் பார்த்த வாதங்களுக்கு இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் இருந்ததில்லை. சண்டை போட்டால் பேச்சு நின்றுவிடும். கல்யாண வீட்டில்கூட முகம் பார்க்க மாட்டார்கள்.

விஸ்கிக்கு என்னைக் கூட்டிப்போனதும் இந்த மேசைதான். பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் விஸ்கி சங்கம் இருக்கிறது. அதன் கூட்டங்களுக்கும், பிறகு நண்பர்கள் நான்கைந்து பேர் காசு போட்டு ஒரு போத்தல் வாங்கி வீட்டில் சுவைக்கும் மாலைகளுக்கும் போகத் தொடங்கினேன்.

இதை ஒரு தமிழ்ப் பெண் வெளிப்படையாக எழுதுவது சிலருக்கு உறுத்தும். எனக்கும் அந்தப் போத்தலிடம் போவது சாதாரணமாக இருக்கவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டி டாஸ்மாக் இருந்தது. டியூஷன் முடிந்து இரவில் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சாராய நெடி என்றால் என் உடம்புக்கு ஒரே அர்த்தம்தான்: வேகமாக நட. அந்த நெடியிலிருந்து பயத்தைப் பிரித்தெடுத்து, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று நிதானமாக முகர்ந்து பார்க்க முடியும் என்பதையே நான் இங்கேதான் கண்டேன்.

இரண்டு நிமிட மௌனம்

எங்கள் மேசையின் முறையைச் சொல்கிறேன். போத்தலைக் காகிதத்தால் சுற்றி மறைத்துவிடுவார்கள். பெயர், விலை, வயது எதுவும் தெரியாது. டியூலிப் பூ வடிவிலான, வாய் குறுகிய சின்னக் கிளாஸில் அடியை நனைக்கும் அளவு மட்டும் ஊற்றுவார்கள். மூக்கை உள்ளே திணிக்கக் கூடாது. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு விளிம்பில் முகர வேண்டும், இல்லையென்றால் ஆல்கஹால் மட்டும் குத்தும். பிறகு ஒரு சிறு வாய், நாக்கில் வைத்திருந்து விழுங்கலாம், துப்பவும் செய்யலாம். அதற்குப் பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர வேண்டும். தண்ணீர் விடுவது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் இதைப் பார்த்தார்கள். புகைவாசம் தரும் குவையக்கால் என்ற பொருளை அடர்த்தியான ஆல்கஹால் சூழ்ந்து உள்ளே வைத்துக்கொள்கிறது, தண்ணீர் சேர்த்து அடர்த்தியைக் குறைத்தால் அது மேற்பரப்புக்கு வருகிறது.

இதில் மிக முக்கியமான விதி இன்னொன்று. முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. அவரவர் உணர்ந்ததைத் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். எழுதியபிறகுதான் வாசிக்க வேண்டும். யாராவது முதலில் "ஆப்பிள்" என்று சொல்லிவிட்டால் மேசை முழுக்க ஆப்பிள் வாசம் வந்துவிடும், அதைத் தடுக்கத்தான்.

ஒருநாள் மறைத்து வைத்த போத்தலுக்கு நான் எழுதியது: கருவாடு வறுக்கும் அடுப்பு, பக்கத்தில் டிஞ்சர் போட்ட காயம். எழுதியதை வாசிக்கத் தயக்கமாக இருந்தது. இவர்கள் புத்தகங்களில் எந்த விஸ்கிக்கும் கருவாடு என்று எழுதியதில்லையே! என்றாலும் வாசித்தேன். லாகோஸிலிருந்து வந்த நண்பர் சீட்டைத் திருப்பிக் காட்டினார்: சந்தையில் விற்கும் புகைமீன். மருத்துவ மாணவி ஒருத்தி எழுதியிருந்தது: புதுக் கட்டுத்துணி. ஹெப்ரிடீஸ் தீவுக்காரர் எழுதியிருந்தது: குளிர்காலத்தில் பாட்டி வீட்டுக் கணப்பு. காகிதத்தைப் பிரித்தார்கள், ஐலா தீவின் லஃப்ரோய்க். அங்கே பார்லி முளைகளை உலர்த்த பீட் என்னும் மட்கிய தாவரச் சேற்றுக்கட்டிகளை எரிக்கிறார்கள். அந்தப் புகையின் பீனால் வகைகள் தானியத்தில் ஒட்டிக்கொண்டு, வடித்தபிறகும் ஓக் பீப்பாயில் பல வருடம் கிடந்தபிறகும் போவதில்லை. அதில் சில புகையாக மணக்கும், சில மருந்தாக மணக்கும். எங்களில் யாரும் கற்பனை செய்யவில்லை. ஒரே பொருளை நால்வரும் நான்கு ஊரிலிருந்து முகர்ந்திருக்கிறோம்.

மெய்யியலாளர் டேவிட் ஹ்யூம் 1757இல் சுவையின் அளவுகோலைப் பற்றி எழுதிய கட்டுரையில் டான் குயிக்ஸோட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். அதில் வரும் சாஞ்சோவின் சொந்தக்காரர்கள் இருவரிடம் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துச் சொல்லச் சொன்னார்களாம். ஒருவர், நல்ல ஒயின்தான், ஆனால் லேசாகத் தோல் வாடை என்றார். மற்றவர், நல்ல ஒயின்தான், ஆனால் லேசாக இரும்பு வாடை என்றார். சுற்றியிருந்தவர்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார்கள். பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் ஒரு பழைய சாவி கிடந்தது, தோல் வாரில் கோத்தபடி.

இந்தக் கதையை நான் செமினாருக்கும் சேர்த்தே படிக்கிறேன். தோல் என்றவர் இரும்பு என்றவரைப் பார்த்துப் பயந்து வாயை மூடியிருந்தால் பாதி உண்மை போயிருக்கும். இரும்புதான், தோல் கிடையாது என்று ஒருவர் அடித்துச் சொல்லி வென்றிருந்தாலும் பாதி உண்மை போயிருக்கும். தனக்குப் பட்டதை முதலில் தானே சொல்ல வேண்டும். அடுத்தவர் வேறொன்றைச் சொல்லும்போது பீப்பாய் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் படிப்பு.

ஹ்யூமோடும் ஒரு சண்டை

ஹ்யூமை நான் நேசிக்கிறேன். இந்த ஊர் அவரை நடத்திய விதம் அப்படியொன்றும் பெருமைக்குரியது இல்லை. 1745இல் எடின்பரோவில் ஒழுக்க மெய்யியல் பேராசிரியர் பதவிக்கு அவர் பெயர் வந்தபோது, கடவுள் நம்பிக்கையில்லாதவர் என்று எதிர்த்துத் தடுத்துவிட்டார்கள். இன்று ராயல் மைலில் அவர் சிலையின் கால் பெருவிரலைத் தொட்டு வேண்டிக்கொண்டு மாணவர்கள் தேர்வுக்குப் போகிறார்கள்.

அதே ஹ்யூம் 1753இல் தன் கட்டுரையொன்றில் சேர்த்த அடிக்குறிப்பில், கறுப்பின மக்கள் இயல்பாகவே வெள்ளையர்களுக்குக் கீழானவர்கள் என்று எழுதினார். ஜார்ஜ் சதுக்கத்தில் அவர் பெயரில் இருந்த கோபுரக் கட்டடத்தின் பெயரை, மாணவர்கள் கோரிக்கைக்குப் பிறகு, 2020 செப்டம்பரில் பல்கலைக்கழகம் '40 ஜார்ஜ் சதுக்கம்' என்று மாற்றியது. இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. நான் இருந்த ஒரு செமினாரில், அந்தக் காலத்தில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள் என்றார் ஒருவர். லாகோஸ் நண்பர் எழுந்து, அபர்தீனைச் சேர்ந்த ஜேம்ஸ் பீட்டி 1770லேயே ஹ்யூமின் அந்தக் குறிப்பை எடுத்துவைத்து மறுத்து எழுதியிருப்பதைச் சொன்னார். 'எல்லோரும்' என்ற சொல்லை அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் பயன்படுத்தவில்லை.

பெயரை மாற்றியது சரி என்பதே என் கருத்து. ஹ்யூமை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதும் என் கருத்து. நல்ல சுவைஞனுக்கு வேண்டிய தகுதிகளில் ஒன்றாக முன்முடிவிலிருந்து விடுபட்ட மனத்தைச் சொன்னவர் அவர்தான். அவர் கொடுத்த அளவுகோலை வைத்தே அவருடைய அடிக்குறிப்பை அளந்தால் அது தோற்றுவிடுகிறது. என் தோல் நிறத்தோடு அந்த வகுப்பில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது எனக்குக் குரல் நடுங்கவில்லை. துண்டுச்சீட்டில் கருவாடு என்று எழுதி வாசித்த பழக்கம் அதற்கு உதவியது என்று உறுதியாக நம்புகிறேன்.

எது விஸ்கி?

விஸ்கியே ஒரு வாதத்தில் தீர்மானிக்கப்பட்ட பொருள்தான். 1905இல் லண்டனின் இஸ்லிங்டனில், கலப்பு விஸ்கியை விஸ்கி என்று விற்றதாகக் கடைக்காரர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். மால்ட் பார்லியைச் செம்புப் பானையில் வடித்தால்தான் விஸ்கியா, மற்ற தானியங்களைத் தொடர்வடிகலத்தில் வடித்துக் கலந்தாலும் விஸ்கியா? சண்டை பெரிதாகி அரச ஆணையம்வரை போனது. 1909இல் ஆணையம், தானியத்திலிருந்து வடித்தால் இரண்டும் விஸ்கியே என்றது. இன்றைய சட்டப்படி ஸ்காட்லாந்திலேயே வடித்து, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் அங்கேயே குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருந்து, 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலோடு போத்தலில் அடைத்தால்தான் ஸ்காட்ச். நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரைப்பாகுக் கழிவிலிருந்து வரும் ஆல்கஹால் சேர்ந்தது என்பதால் ஐரோப்பாவில் அதை அந்தப் பெயரில் விற்க முடியாது.

தானியத்திலிருந்து வடித்ததே விஸ்கி என்ற வரையறைக்குள் நின்றுகொண்டே ஸ்காட்லாந்துக்காரர்களோடு வாதாட வந்த ஓர் இந்திய மாணவரின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பெங்களூரின் அம்ருத் நிறுவனத்தை நடத்திய நீலகண்ட ஜக்டாலேயின் மகன் ரக்ஷித், இங்கிலாந்தின் நியூகாசிலில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். இந்திய சிங்கிள் மால்ட்டை பிரிட்டனில் விற்க முடியுமா என்பதையே தன் ஆய்வுத்திட்டமாக எடுத்துக்கொண்டார். பெயரைச் சொல்லாமல் சுவைக்கக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 2004இல் அம்ருத் சிங்கிள் மால்ட் கிளாஸ்கோவிலேயே அறிமுகமானது. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூர் வெக்கையில் 10 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அதனால் அங்கே சில ஆண்டிலேயே முதிர்ந்துவிடுகிறது. வயது அதிகமானால்தான் நல்ல விஸ்கி என்ற எண்ணத்துக்கு அது ஒரு பதில். ஒரு மாணவரின் ஆய்வேடு இவ்வளவு தூரம் போகும் என்பதை, 'தீசிஸ் எழுதி என்ன ஆகப்போகிறது' என்று சோர்ந்திருக்கும் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அம்மா கேட்டது

வீட்டுக்குத் தெரியாமல் எதையும் இங்கே எழுதவில்லை. அம்மாதான் முதலில் கேட்டாள்.

"நீ குடிக்கியாட்டி?"

"மாசத்துக்கு ஒருநாள் ரெண்டு வாய் ருசி பாக்கேம்மா. அப்பாட்டயும் நானே சொல்லுதேன்."

"ஒங்க மாமா எப்படிச் செத்தாம்னு நெனப்பிருக்கா?"

"இருக்கும்மா."

இருக்கிறது. ஈரல் கெட்டு மாமா போனபோது எனக்குப் பதினான்கு வயது. அந்த நினைவைக் கழற்றி வைத்துவிட்டு நான் எந்த மேசையிலும் உட்கார்வதில்லை. ஸ்காட்லாந்தும் மதுவால் பல குடும்பங்களை இழந்துகொண்டிருக்கும் நாடுதான். 2018இல் இங்கே மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்துச் சட்டத்தை அமல்படுத்தியதும் அதனால்தான். ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் குடிக்கத் தொடங்க வேண்டாம். எங்கள் மேசையில் முகர்ந்து மட்டும் சீட்டெழுதும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒரு சொட்டும் குடிப்பதில்லை. எங்களில் மிகத் துல்லியமாக எழுதுபவர் அவர்தான். மால்ட் இல்லாமலும் இந்தப் பழக்கம் வரும். காபிக்கொட்டையிலோ மாம்பழத்திலோ தொடங்கலாம்.

வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். முதல் செமினாருக்கு முன்னால், படித்த கட்டுரையில் நீங்கள் ஏற்காத ஓர் இடத்தை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தவர் பேசும் முன் எழுத வேண்டும். உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் அந்த வரியை வாசித்துவிடுங்கள். அதை யாராவது மறுத்தால், வகுப்பு முடிந்ததும் அவரோடு பப்புக்கு நடங்கள், இர்ன் ப்ரூ வாங்கிக்கொள்ளுங்கள், "நீங்கள் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வாதாடியபிறகும் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். நம் ஊருக்கு இங்கிருந்து கொண்டுபோக வேண்டிய பழக்கம் இது என்று நான் மனதார நம்புகிறேன். பட்டம் வாங்கித் திரும்பும்போது இதையும் கொண்டு போங்கள்.